ஸ்விஃப்ட் பின் ஆக்சில் பீமை வீட்டிலேயே இறக்குவது: பாதுகாப்பு, வரிசை, மாட்டும் முறை

#1 கூரைநிழல்

வணக்கம். வண்டி 2013 ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ பெட்ரோல். பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் உண்டு. இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் பின் பீமின் முன்முனையில், பாடியோடு பிடிக்கும் போல்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ் இரண்டும் பிளந்துவிட்டன. பள்ளத்தில் இறங்கினால் பின்சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று சத்தம். பீமின் அடிப்பக்கத்தில் துருவும் ஏறியிருக்கிறது. மொத்தமாகக் கீழே இறக்கி, சுரண்டி, பெயின்ட் அடித்து, புது புஷ் போட்டு ஏற்றலாம் என்று எண்ணம்.

இடம்: கூரை போட்ட கான்கிரீட் தரை, சரிவு இல்லை. கையில் இருப்பவை: 2 டன் டிராலி ஜாக்கி ஒன்று, 3 டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச். உதவிக்கு ஒரு ஆள் உண்டு. எந்த வரிசையில் கழற்றுவது, எங்கே ஆபத்து என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பட்டறைப்பூனை

முதல்ல ஒரு கேள்வி. பீமை முழுசா இறக்கணுமா? புஷ் மட்டும்தான் வேலைன்னா பிரேக் லைனைத் தொடவே வேணாம். முன்முனையில இருக்குற ரெண்டு போல்டை மட்டும் கழட்டி, பீமோட முன்பக்கத்தைக் கீழ சாய்ச்சு, இழுப்பான் வச்சு புஷ்ஷை அங்கேயே வெளிய எடுக்கலாம். பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் ஹேண்ட் பிரேக் கேபிள் கிளாம்பையும் விடுவிச்சா போதும். பிரேக் லைன்ல புகுந்த காத்தை வெளியேத்துற வேலை, அதாவது ஏர் எடுக்குறது, மிச்சம்.

துருவுக்கு பெயின்ட் அடிக்கிறது உறுதின்னா மட்டும் முழுசா இறக்குங்க.

இன்னொன்னு. கழட்டுறதுக்கு முன்னாடியே புஷ்ஷை வாங்கி கையில வச்சுக்கோங்க. பார்ட்ஸ் கடையில சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்க. வண்டி ஸ்டாண்டு மேல நிக்கும்போது பொருள் வரலைன்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாது.

#3 எம்12நட்

பூனை சொல்வது சரி. ஆனால் அடிப்பக்கத்தில் துரு ஏறியிருக்கிறது என்கிறார். ஸ்பிரிங் உட்காரும் தட்டின் உட்புறத்தை வண்டியில் வைத்தே பார்க்க முடியாது. தண்ணீரும் சேறும் தேங்குவது அங்கேதான். முழுதாக இறக்குவதில் நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த வேலை முழுவதிலும் ஒரு போல்டில் ஸ்பேனர் வைக்கும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இந்த நிமிடம் பாடியை எது தாங்குகிறது? பீமை எது தாங்குகிறது? ஆள் நசுங்கும் விபத்துகள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போல்டை எடுக்கும்போதுதான் நடக்கின்றன.

முதலில் பாடி.

ஹேண்ட் பிரேக்கை நம்பி வண்டியைத் தூக்காதீர்கள். அது பிடிப்பது பின்சக்கரத்தை. பின்சக்கரம் தரையை விட்டு எழுந்த கணமே அதற்கு வேலை இல்லை. முன்சக்கர இழுவை வண்டி என்பதால் முதல் கியரில் போட்டால் எஞ்சின் முன்சக்கரத்தைப் பிடிக்கும். அதோடு முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை ஆப்பு, ஆக நான்கு கட்டை. பின்பக்கம் உயரும்போது வண்டி மூக்கு தாழ்ந்து முன்னால் உருளப் பார்க்கும். முன்பக்கக் கட்டையை இறுக்கமாக வையுங்கள்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டு மேல் நிற்கும் வண்டியில் நீளக் கம்பி போட்டு உலுக்கவே கூடாது.

தூக்கும் முன்னால் ஓர் அளவு எடுக்க வேண்டும். சக்கர மையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு பக்கமும் அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். டிக்கி காலி, டயரில் காற்று சரியாக இருக்கும்போது எடுங்கள். புஷ் போல்டை இறுக்கும்போது இந்த எண் இல்லாமல் வேலை நடக்காது.

ஸ்டாண்டை எங்கே வைப்பது? பீம் கீழே வரப்போகிறது, ஆகவே பீமுக்கு அடியில் ஸ்டாண்டு இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் மடிப்பில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், இரண்டு வெட்டுக் குறிக்கு நடுவே ஜாக்கி வைக்கும் இடம் இருக்கும். ஸ்டாண்டு அங்கேதான். மடிப்பு நசுங்காமல் இருக்க, நடுவே காடி வெட்டிய கெட்டி ரப்பர் துண்டை ஸ்டாண்டின் தலையில் வையுங்கள்.

அதே இடத்தில் ஜாக்கியும் ஸ்டாண்டும் சேர்ந்து உட்காராது. அதனால் ஜாக்கியைப் பீமின் ஓரத்தில், ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு அடியில், மரக்கட்டை இடையில் வைத்துத் தூக்குங்கள். பீமின் நடுப்பகுதி முறுகுவதற்கென்றே மெல்லிசாகச் செய்த தகடு. அங்கே ஜாக்கியை வைத்தால் நெளியும். இடது பக்கம் கொஞ்சம் தூக்கி ஸ்டாண்டின் தாழ்ந்த பல்லில் நிறுத்துங்கள். பிறகு வலது பக்கம். மறுபடி இடது. ஒரே பக்கத்தை முழு உயரத்துக்குத் தூக்கினால் மறுபக்க ஸ்டாண்டு சாயும்.

சில் தரையிலிருந்து 40 செ.மீ. வந்தால் போதும். நின்றதும் பாடியைக் கையால் பக்கவாட்டில் நன்றாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். கழற்றிய இரண்டு சக்கரத்தையும் சில்லுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்டு ஏமாற்றினாலும் வண்டி அதன்மேல் நிற்கும், ஆள் பிழைப்பார்.

ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் வேண்டவே வேண்டாம். அவை விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும். டிக்கியில் வரும் ஸ்குரூ ஜாக்கி பஞ்சர் ஒட்டுவதற்கு மட்டும்.

#4 கூரைநிழல்

நன்றி சார். ஸ்டாண்டு சில்லில் நின்றால் பீமின் முன்போல்டுக்குக் கை போகுமா? அந்த பிராக்கெட்டும் அதே இடத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

#5 எம்12நட்

போகும், நெருக்கமாக இருக்கும். ஸ்டாண்டின் கால்களில் ஒன்று பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பீமின் கை கீழே வரும் வழியில் இடிக்கும். ஸ்டாண்டு முக்காலி வடிவமாக இருந்தால் தட்டையான பக்கம் பின்னால் வரும்படி திருப்பி வையுங்கள். ஏற்றும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் டேங்க் பீமுக்கு முன்னால், பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ரிசர்வ் அளவுக்குப் பெட்ரோல் குறைந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

#6 ஆறுகண் பாலம்

பிரேக் பகுதியை நான் சொல்கிறேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காரணம் கீழே வரும். பிறகு டிரைவர் சீட்டின் முன்முனைக்கும் பிரேக் பெடலுக்கும் இடையே ஒரு கம்பைக் கொடுத்து, பெடலை 3, 4 செ.மீ. அழுத்தி அப்படியே நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே பிஸ்டன் நகர்ந்து, மேலே டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் துளையைத் தாண்டிவிடும். அதன்பின் பின்னால் லைனைத் திறந்தாலும் டப்பா காலியாகாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளும் காற்று போகாது. பெடல் அழுந்தியே இருந்தால் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றச் சொன்னது அதற்காக.

பாடியிலிருந்து வரும் இரும்புக் குழாய் பீமுக்குப் போகும் ரப்பர் ஹோஸோடு சேரும் இடத்தில் ஒரு ஃப்ளேர் நட் இருக்கும். முந்தைய நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். திறக்க 10 மி.மீ. ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும், அதாவது ஒரு பக்கம் குழாய் நுழைய வாய் விட்ட ரிங் ஸ்பேனர். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிப்பதால் மூலை உருண்டுவிடும். உருண்டுவிட்டால் குழாயையே மாற்ற வேண்டிவரும். ஹோஸின் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். நட்டோடு குழாயும் சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் நிறுத்தி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தால்தான் விடும்.

நட் வந்ததும் பிராக்கெட்டில் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் குறடால் இழுத்து எடுங்கள். குழாய் முனைக்கும் ஹோஸ் முனைக்கும் உடனே ரப்பர் மூடி போடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், தூசியும் உள்ளே போகும். பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், பட்ட இடத்தை உடனே கழுவலாம்.

2013 வண்டியில் ஹோஸ் இன்னும் பழையதே என்றால் இந்தச் சாக்கில் இரண்டையும் மாற்றிவிடுங்கள். எப்படியும் திறக்கிறீர்கள்.

ஏபிஎஸ் சென்சார் வயரை இழுக்காதீர்கள். கனெக்டர் எங்கே இருக்கிறதோ அங்கே பிரித்து, கிளாம்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, வயரைப் பீமோடு சுற்றிக் கட்டிவிடுங்கள். சென்சாரைப் பேக்கிங் பிளேட்டிலிருந்து (டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு) பிடுங்கப் பார்த்தால் துருவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உடல் உடையும்.

#7 பட்டறைப்பூனை

ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு ரெண்டு வழி இருக்கு. டிரம்மைக் கழட்டி, ஷூ லீவர்லேர்ந்து கேபிளை விடுவிச்சு, பேக்கிங் பிளேட்டுக்கு வெளிய இழுக்கிறது ஒண்ணு. உள்ள லீவருக்கு அடியில இருக்குற அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ரெண்டு கேபிளையும் அங்க விடுவிச்சு, பாடி கிளாம்பை எல்லாம் கழட்டி, கேபிளைப் பீமோடயே இறக்குறது இன்னொண்ணு.

எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். டிரம்மைத் திறந்தா ஸ்பிரிங், ஷூ, அட்ஜஸ்டர் எல்லாத்தையும் கலைச்சு மறுபடி கோர்க்கணும். ஷூ தேய்ஞ்சிருக்கான்னு பார்க்கத்தான் போறீங்கன்னா முதல் வழி.

டிரம்மைத் திறந்தா ஹேண்ட் பிரேக் இறக்கி இருக்கணும். டிரம் ஒட்டிக்கிட்டு வரலைன்னா, முகத்துல ரெண்டு மரை போட்ட ஓட்டை இருந்தா அதுல 8 மி.மீ. போல்டைப் போட்டு ரெண்டையும் மாத்தி மாத்தி இறுக்குங்க, தானா வெளிய தள்ளும். சுத்தியலால விளிம்புல அடிச்சா வார்ப்பிரும்பு உடையும். உள்ள இருக்குற தூசியைக் காத்தடிச்சு ஊத வேணாம். பழைய ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால துடைங்க, இல்லைன்னா பிரேக் கிளீனர் அடிங்க.

#8 கூரைநிழல்

ஷூவும் பார்க்க வேண்டியதுதான். ஸ்பிரிங்குக்குத்தான் பயம். கம்ப்ரஸர் வாங்க வேண்டுமா?

#9 எம்12நட்

வேண்டாம். முன்பக்க மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் ஷாக்கோடு சேர்த்து அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். அதைப் பிரிக்கக் கம்ப்ரஸர் இல்லாமல் முடியாது. இங்கே பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங் பாடிக்கும் பீமின் தட்டுக்கும் நடுவே வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. அது வெளியே பாயாமல் இருப்பது ஷாக் பீமைக் கீழே போகவிடாமல் பிடித்திருப்பதால்தான்.

எனவே ஷாக்கின் கீழ்ப் போல்டுதான் இந்த வேலையில் மிக ஆபத்தான போல்டு. பீமுக்கு அடியில் ஜாக்கி இல்லாமல் அதை எடுத்தால் ஸ்பிரிங்கின் விசையோடு பீம் கீழே வந்து விழும். போகிற வழியில் இருக்கும் விரல், பிரேக் ஹோஸ், வயர் எதையும் விட்டுவைக்காது.

முறை இது. டிராலி ஜாக்கியை அதே ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் வைத்து, ஷாக் சற்றே சுருங்கும் அளவு தூக்குங்கள். சில் ஸ்டாண்டிலிருந்து எழத் தொடங்கினால் அது அதிகம், இறக்குங்கள். போல்டைக் கழற்றி, விரலால் தள்ளினாலே வெளியே வருகிறதா பாருங்கள். சிக்கினால் ஜாக்கியை ஒரு மி.மீ. மேலோ கீழோ நகர்த்துங்கள். சுத்தியலால் அடித்து எடுக்க வேண்டிய இடம் இல்லை. ஒரு பக்கம் முடிந்ததும் போல்டைப் பாதியில் திரும்ப நுழைத்துவைத்து மறுபக்கம் போங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஜாக்கி இருந்தால் நல்லது. இன்னொன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஜாக்கியை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும்போதுதான் எது எதைத் தாங்குகிறது என்ற கணக்கு தப்பும்.

இரண்டு ஷாக்கும் விட்டபின், இரண்டு ஜாக்கியையும் ஒரே வேகத்தில், மெதுவாக இறக்குங்கள். உதவியாளர் இறக்குவார், நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். தலையோ தோளோ பீமுக்கு அடியில் போகக் கூடாது. சிறிது தூரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். எது இடது, எது வலது, எந்த முனை மேலே என்று பெயின்டால் குறியுங்கள். மேலும் கீழும் உள்ள ரப்பர் இருக்கைகளை அதே பக்கப் பையில் போடுங்கள். பீமை முழுதாக இறக்கும்போது, ஸ்பிரிங் எடுக்கும் வரை முன்போல்டுகளைத் தொடவே கூடாது.

ஸ்பிரிங் போனதும் மிச்சம் பீமின் எடை மட்டும். டிரம்மோடு சேர்த்தால் 30 கிலோவுக்குக் குறையாது, அதுவும் நீளமான, ஒரு பக்கம் சாயும் எடை. இரண்டு ஜாக்கியின் மேலும் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, பீமை அதில் கயிற்றால் கட்டிவிட்டு முன்போல்டுகளை எடுங்கள். சைலன்சர் குழாய் பீமுக்கு மேலே போகிறதா என்று பாருங்கள், மேலே போனால் பீம் கீழே வருவதற்கு அது தடை இல்லை. ஆனால் வண்டி ஓடி நின்ற சூட்டோடு வேலை ஆரம்பிக்காதீர்கள்.

#10 உப்புக்காற்று

தூத்துக்குடி, ராமேஸ்வரம், சென்னை ஈசிஆர் ஓரம் ஓடிய வண்டிகளுக்காக ஒரு பெரிய எச்சரிக்கை. முன்போல்டு வராது.

புஷ்ஷின் நடுவில் இரும்புக் குழல் ஒன்று உண்டு. போல்டு அதற்குள்ளே பல வருடம் கிடந்து துருவில் ஒன்றாகிவிடும். நட் கழன்றுவிடும், போல்டின் தலையும் சுழலும், ஆனால் குழலும் ரப்பரும் சேர்ந்து முறுகிக்கொண்டே இருக்கும். ஸ்பேனரை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். திரும்பி வருகிறதென்றால் போல்டு சுழலவில்லை, ரப்பர்தான் முறுகுகிறது என்று அர்த்தம்.

மூன்று நாள் முன்பிருந்தே தினமும் துருநீக்கி எண்ணெய் அடியுங்கள். நட்டை முழுக்க எடுக்காமல் முனை வரை தளர்த்தி வைத்து, அதன்மேல் பித்தளைக் கட்டை வைத்து அடித்துப் பாருங்கள். போல்டின் மரை நசுங்காது. இறுக்கும் திசையில் கொஞ்சம், தளர்த்தும் திசையில் கொஞ்சம் என்று மாறி மாறித் திருப்புங்கள்.

அதற்கும் வரவில்லையென்றால் வெட்டத்தான் வேண்டும். புஷ்ஷுக்கும் பாடி பிராக்கெட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஹாக்ஸா பிளேடோ மின்ரம்பத்தின் மெல்லிய பிளேடோ நுழைத்து, போல்டை இரண்டு பக்கமும் அறுக்கலாம். புஷ் எப்படியும் புதிதாக மாற்றத்தான் போகிறீர்கள். புது போல்டும் நட்டும் கையில் இல்லாமல் அறுக்காதீர்கள்.

கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டும் பழக்கம் சாலையோரப் பட்டறைகளில் உண்டு. இந்த இடத்தில் கூடவே கூடாது. ஒரு கை தூரத்தில் பெட்ரோல் டேங்க், அதைவிடக் கிட்டே பெட்ரோல் குழாய். கிரைண்டர் பொறியும் அதே ஆபத்துதான்.

நட் பாடிக்குள் வெல்ட் செய்யப்பட்டதாக இருந்து, அந்த வெல்டே விட்டு உள்ளே சுழல ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பாடித் தகட்டில் ஜன்னல் வெட்டிப் பிடிக்க வேண்டிய வேலை அது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பாடி வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

#11 கூரைநிழல்

வண்டி உள்ளூரில் ஓடியதுதான், கடற்கரைப் பக்கம் போகவில்லை. ஆனாலும் எண்ணெய் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். பீம் கீழே வந்தபின் என்னென்ன பார்க்க வேண்டும்?

#12 உப்புக்காற்று

ஸ்பிரிங் தட்டின் அடித்தகடு. அதில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டை இருக்கும், சேறு அடைத்திருந்தால் குத்தித் திறங்கள். ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டாலோ செதில் செதிலாகக் கொட்டினாலோ பீமையே மாற்ற வேண்டும்.

நடுத்தகடும் பக்கக் கையும் சேரும் வெல்ட் வரிசையை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, பளிச்சென்ற டார்ச் வெளிச்சத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்ட் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தப் பகுதி ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் முறுகிக்கொண்டே இருக்கும், மேலே வைத்த வெல்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழும்.

ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று தட்டில் உரசும் இடத்தில் பெயின்ட் போய்த் துருப்பிடித்து, முனைத் துண்டு உடைந்துபோவது உண்டு. வெளியே தெரியாது, கையால் தடவிப் பாருங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள். ஷாக்கில் எண்ணெய் ஈரம் இருந்தால் அதுவும் ஜோடியாக.

#13 ஆறுகண் பாலம்

புஷ் மாற்றும்போது கவனிக்க வேண்டியது திசை. இந்த புஷ்ஷில் ரப்பர் முழு வட்டமாக இருக்காது, ஓரிடத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்த வெற்றிடம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசையில் புஷ் மென்மையாகவும், மற்ற திசையில் கெட்டியாகவும் இருக்கும். தப்பான கோணத்தில் அடித்தால் பிரேக் போடும்போதோ வளைவிலோ பின்பக்கம் அலையும். பழைய புஷ்ஷை எடுக்கும் முன் வெற்றிடத்தின் நேர்க்கோட்டைப் பீமின் கண்ணில் பெயின்டால் குறியுங்கள். புஷ் வெளியே எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரில் அளந்து எழுதுங்கள். இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும், ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்காதீர்கள்.

லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் பீமைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். புது புஷ்ஷின் வெளிவளையத்தை மட்டும் தொடும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு வெட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். நடுக்குழலில் அழுத்தினால் ரப்பர் உள்ளேயே கிழியும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸோ எஞ்சின் ஆயிலோ ரப்பரைக் கெடுக்கும். பழைய புஷ்ஷை நெருப்பு வைத்து எரித்து எடுக்கவும் விடாதீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு.

#14 தொண்டிமுத்து

மாட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழற்றியதற்குத் தலைகீழ். முன்போல்டுகளைக் கையால் மட்டும் இறுக்கி, ஸ்பிரிங் வைத்து, ஷாக் மாட்டி, ஜாக்கியால் பீமைத் தூக்குங்கள். முன்பு ஒட்டிய டேப்பில் எழுதிய அளவு வந்ததும் முன்போல்டை டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். தொங்கிய நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுகியே இருக்கும், சில மாதத்தில் கிழியும்.

#15 எம்12நட்

தொண்டிமுத்து சார், காரணம் முற்றிலும் சரி. ஆனால் சொன்ன முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது.

ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போது பீமை அந்த அளவு வரை தூக்கினால் என்ன நடக்கும்? வண்டி தரையில் நின்றபோது அந்த உயரத்தில் ஸ்பிரிங் பின்பக்க எடை முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போதும் அதே உயரம் வந்தால் அதே எடை ஜாக்கிக்குப் போகும். அதாவது அளவு சரியாக வரும் அதே கணத்தில் பாடி ஸ்டாண்டிலிருந்து எழுந்துவிடும். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கிறது, நாம் அடியில் படுத்து 12 அங்குலக் கம்பியை இழுக்கிறோம். கூடாது.

இரண்டு மாற்று உண்டு.

ஒன்று: போல்டைக் கையால் மட்டும் இறுக்கி எல்லாம் மாட்டி, சக்கரம் போட்டு, பின்டயர் இரண்டுக்கும் அடியில் கெட்டி மரப்பலகைகளை 15 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்குங்கள். சில்லுக்கு அடியில் ஸ்டாண்டை ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தே இருங்கள். வண்டியை இரண்டு தடவை கையால் அழுத்தி விட்டு உட்காரவிடுங்கள். பிறகு பக்கவாட்டில் நீள எக்ஸ்டென்ஷன் போட்டு இறுக்கலாம்.

இரண்டு: ஸ்பிரிங்கை மாட்டும் முன்பே இறுக்கிவிடுவது. பீமையும் முன்போல்டையும் மட்டும் மாட்டி, ஸ்பிரிங் இல்லாமல் ஜாக்கியால் பீமை டேப் அளவுக்குத் தூக்குங்கள். ஜாக்கியில் வருவது பீமின் எடை மட்டும், பாடி ஸ்டாண்டிலேயே உறுதியாக நிற்கும். அங்கே முன்போல்டை முழு டார்க்கில் இறுக்கிவிட்டுப் பீமை இறக்கி ஸ்பிரிங்கை வையுங்கள். ஸ்பிரிங் நுழைய பீமைக் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம், புது ரப்பர் அளவுக்கு மேல் முறுகும். அப்போது முதல் வழிக்கே போங்கள்.

எனக்கு இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது. அளவு துல்லியமாக வரும், ஆளும் எடைக்கு அடியில் இல்லை.

#16 தொண்டிமுத்து

ஒப்புக்கொள்கிறேன் சார். ஸ்டாண்டு விடுபடும் என்பதை நான் எழுதியிருக்க வேண்டும். #14ஐப் படிப்பவர்கள் #15ஐச் சேர்த்தே படியுங்கள்.

#17 கூரைநிழல்

டார்க் எண்கள் யாராவது சொல்ல முடியுமா?

#18 எம்12நட்

ஃப்ளேர் நட் 16 நியூட்டன் மீட்டர், மிகக் குறைவு. மணிக்கட்டு பலமே போதும், அதிகமானால் குழாயின் விரிந்த முனை நசுங்கிக் கசியும். சக்கர நட் மாடலைப் பொறுத்து 85 அல்லது 100, வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பீம் போல்டுக்கும் ஷாக் போல்டுக்கும் இணையத்தில் சுற்றும் எண்ணை எடுக்காதீர்கள். ஸ்விஃப்ட்டின் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு. உங்கள் தலைமுறையின் பணிக் கையேட்டைப் பாருங்கள். அங்கே அலகையும் பாருங்கள்: 1 கிலோகிராம் மீட்டர் 9.8 நியூட்டன் மீட்டர், 1 பவுண்டு அடி 1.36 நியூட்டன் மீட்டர். அலகை மாற்றிப் படித்து போல்டை அறுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்பிரிங் வைக்கும்போது அதன் வெட்டுமுனை ரப்பர் இருக்கையின் படியில் முட்டி நிற்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். படியைத் தாண்டி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் மட்டும் உயரமாக நிற்கும்.

#19 பட்டறைப்பூனை

ஏர் எடுக்கிறது. பெடல்ல குடுத்த கம்பை எடுத்துடுங்க, பேட்டரி இன்னும் கழட்டியே இருக்கட்டும். ஆயில் டப்பா மூடியில எந்த டாட் நம்பர் போட்டிருக்கோ அதே ஆயில், சீல் உடைக்காத அரை லிட்டர் பாட்டில். போன வருஷம் திறந்த பாட்டில்ல ஈரம் ஏறியிருக்கும், அதை ஊத்தாதீங்க.

ஸ்டீயரிங் வலது பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் வலது பக்கம். அதனால நீளமான லைன் பின் இடது. முதல்ல அது, அப்புறம் பின் வலது. நிப்பிள்ல (சக்கரத்துப் பக்கம் ஆயிலைத் திறந்துவிடுற சின்னத் திருகு) தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையை கொஞ்சம் ஆயில் ஊத்துன பாட்டில்ல முக்குங்க. உதவியாள் பெடலை மெதுவா அழுத்திப் பிடிச்சுக்கணும், நீங்க நிப்பிளைத் திறந்து மூடுனப்புறம்தான் பெடலை விடணும். திறந்திருக்கும்போது விட்டா காத்தை உள்ள இழுக்கும். அஞ்சு அழுத்துக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்க. அது காலியாச்சுன்னா ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போயிடும், அதை வெளிய எடுக்க ஸ்கேனர் வச்சிருக்கிற பட்டறைக்குத்தான் போகணும்.

குமிழி நின்னப்புறமும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் எடுங்க. பெடல் கெட்டியா நிக்கிறவரைக்கும் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.

ஹேண்ட் பிரேக் அட்ஜஸ்டரைக் கடைசியாத்தான் தொடணும். லீவர் கீழ இருக்கும்போது ரெண்டு பின்சக்கரமும் தடையில்லாம சுத்தணும்.

#20 கூரைநிழல்

கடைசியாக ஒன்று. முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா? பின்னால் சரிசெய்ய எதுவுமே இல்லையே.

#21 ஆறுகண் பாலம்

சரிசெய்ய இல்லை, ஆனால் அளக்க வேண்டும். நான்கு சக்கரத்தையும் ஒன்றாக அளக்கும் கணினி அலைன்மென்ட் கடைக்குப் போய், பின்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), வண்டியின் நடுக்கோட்டுக்கும் பின்சக்கரம் தள்ளும் திசைக்கும் உள்ள கோணம், மூன்றையும் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பின்சக்கரமும் ஒரே பக்கம் சாய்ந்து பார்த்தால் பீம் பிராக்கெட்டில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது அல்லது ஒரு புஷ் ஆழம் மாறி அடிக்கப்பட்டிருக்கிறது. போல்டைத் தளர்த்தி, நேராக வைத்து, மறுபடி அதே உயரத்தில் இறுக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் விலகியிருந்தால் பீம் வளைந்திருக்கிறது.

அதைப் பார்க்காமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்தால் ஸ்டீயரிங் கோணலாகவே நிற்கும்.

அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் காலி ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் நாலைந்து முறை பிரேக் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து ஃப்ளேர் நட் இரண்டையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்து ஈரம் படுகிறதா பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட், ஷாக் போல்டு, முன்போல்டு எல்லாவற்றிலும் டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். முன்போல்டை மட்டும் வண்டி சக்கரத்தில் நிற்கும்போது பாருங்கள்.